எதை மனப்பாடம் செய்வது, எதை விட்டுவிடுவது?

கேலாங் சாலையில் வழி தேடுபவருக்கு ஒரே ஒரு விவரம் தெரிந்திருந்தால் போதும். ஒற்றைப்படை எண் கொண்ட லோரோங்குகள் சாலைக்கு வடக்கே, இரட்டைப்படை எண் கொண்டவை தெற்கே. அல்ஜுனிட் எம்ஆர்டி நிலையம் லோரோங் 25ல் இருக்கிறது. அங்கிருந்து லோரோங் 24க்குப் போகவேண்டும் என்றால் கேலாங் சாலையைக் கடந்தே ஆகவேண்டும். இது மனத்தில் இருப்பவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, டுரியான் கடைகளை வேடிக்கை பார்த்தபடி நடப்பார். தெரியாதவர் திரையையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

கணிதத்தில் மனப்பாடம் செய்யும் வேலையும் இதேதான். சில விவரங்கள் தலைக்குள் தயாராக இருந்தால், கண்ணும் கவனமும் வேறு வேலைக்குக் கிடைக்கும்.

ஆனால் எந்தச் சில விவரங்கள்? இங்குதான் பெற்றோருக்குக் குழப்பம். தேர்வுக் காலம் நெருங்கினால் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சூத்திரப் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். சிலவற்றில் 50 சூத்திரம், சிலவற்றில் 100. “எல்லாவற்றையும் உருப்போடு” என்கிறார் ஒருவர். “உருப்போடுவது பழைய காலம், புரிந்தால் போதும்” என்கிறார் இன்னொருவர். நடுவில் பிள்ளை விழிக்கிறது.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. தொடக்கநிலை 5 முதல் உயர்நிலை 2 வரை படிக்கும் ஒரு பிள்ளை மனத்தில் வைத்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் அசைக்க முடியாததாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் சேர்ந்து தெரிந்திருக்க வேண்டும். மற்றவற்றைத் தைரியமாக விட்டுவிடலாம்.

தலைக்குள் இடம் குறைவு

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் மனிதர் மனத்தில் பிடித்துவைக்கக்கூடிய விவரங்கள் ஏழு, அதிலிருந்து இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த எண்ணிக்கையை இன்னும் குறைத்தார்கள். எப்படிப் பார்த்தாலும் இடம் குறைவு.

ஏழில் மூன்று பங்கையும் எட்டில் ஐந்து பங்கையும் கூட்டச் சொல்கிறார் ஆசிரியர். பொதுப் பகுதி வேண்டும்: ஏழெட்டு 56. பிறகு மூவெட்டு 24, ஐயேழு 35. கூட்டினால் 59. விடை 59/56. இந்த ஒரு சிறு கணக்குக்குள் மூன்று வாய்ப்பாட்டு வரிகள் ஒளிந்திருக்கின்றன. அவை தயாராக இருக்கும் பிள்ளை ‘பகுதிகளைச் சமமாக்க வேண்டும்’ என்ற கருத்தைப் பற்றி யோசிக்கும். தயாராக இல்லாத பிள்ளை விரல் விட்டு எண்ணி 56ஐப் பிடிப்பதற்குள், எதற்காக 56 தேடினோம் என்பதையே மறந்துவிடும். “எனக்குப் பின்னம் புரியவில்லை” என்று அது அழும்போது, உண்மையில் வராதது வாய்ப்பாடுதான். உயர்நிலை 1ல் இயற்கணிதம் வரும்போது இந்தச் சின்ன ஓட்டை பெரிய பள்ளமாகிவிடும்.

டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் 2023ல் சிங்கப்பூரின் உயர்நிலை 2 மாணவர்கள் கணிதத்தில் 605 புள்ளிகள் பெற்று உலகிலேயே முதலிடத்தில் இருந்தார்கள். ஆனால் நாட்டின் சராசரி எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வதில்லை. 1991ல் சிண்டா தொடங்கப்பட்டபோது நம் சமூகத்துப் பிள்ளைகளின் கல்வித் தேர்ச்சியே முதல் கவலையாக இருந்தது. அதன் துணைப்பாட வகுப்புகளில் இன்றும் கணிதம் முக்கியப் பாடம்.

திண்ணையில் ஒலித்த பின்னங்கள்

மனப்பாடம் என்றால் அர்த்தமில்லாத ஒப்பித்தல் என்று நினைப்பவர்கள் நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். அங்கே பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என வரிசையாகப் படித்தார்கள். பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் சொல்லிக்கொடுத்தது. நெல்லிலக்கம் தானிய அளவைகளை. எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாட்டை. குழிமாற்று நிலத்தின் பரப்பளவை. சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள்.

முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு. காணி 80ல் ஒன்று. மா 20ல் ஒன்று. வீசம் 16ல் ஒன்று. வயலை அளக்கவும் நெல்லைப் பங்கிடவும் அன்றாடம் தேவைப்பட்டதால் அவை நாக்கிலேயே இருந்தன. அவற்றின் பெயர்களைக் கவனியுங்கள். எட்டில் ஒரு பங்குக்குப் பெயர் ‘அரைக்கால்’. காலில் பாதி. பெயரைச் சொன்னதுமே எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. எட்டில் ஒன்று எத்தனை விழுக்காடு என்று மறந்துபோகும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கால் என்பது 25 விழுக்காடு, அரைக்கால் அதில் பாதி, ஆகவே 12.5. இனி மறக்காது.

மனப்பாடமும் புரிதலும் எதிரிகள் அல்ல என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி. சரி, இனிப் பட்டியலுக்கு வருவோம்.

வாய்ப்பாடு: நூறு அல்ல, இருபத்தொன்று

பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் 100 கட்டங்கள். பிள்ளை மலைப்பது இயல்பு. ஆனால் 3×8ம் 8×3ம் ஒன்றே என்று தெரிந்த கணமே 100 என்பது 55 ஆகிவிடும். ஒன்றாம், பத்தாம் வாய்ப்பாடுகளுக்கு மனப்பாடமே வேண்டாம். இரண்டு என்றால் இரட்டிப்பு. ஐந்து என்றால் பத்தில் பாதி. இவற்றைக் கழித்தால் மிச்சம் இருப்பவை 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஆறு எண்களின் பெருக்கல்கள் மட்டுமே. அவை மொத்தம் 21.

ஒன்பதாம் வாய்ப்பாட்டில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 9 வரும். பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தாலும் போதும்: 9×7 என்றால் 70லிருந்து 7 போக 63. அந்த ஆறையும் எடுத்துவிட்டால் உண்மையாக உருப்போட வேண்டியவை 15. நாளுக்கு ஒன்று என்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே ஒரு நாள்தான்.

அதிகம் தடுமாறவைப்பது 7×8. இதற்கு ஒரு சுருக்கு வழி: 5, 6, 7, 8 என்று வரிசையாகச் சொல்லுங்கள். 56 = 7×8. நம் பேச்சில் ‘ஏழெட்டுப் பேர் வந்தார்கள்’ என்றால் சரியாகத் தெரியாத எண்ணிக்கை. வாய்ப்பாட்டில் ஏழெட்டு என்றால் சந்தேகமே இல்லாமல் 56.

வாய்ப்பாட்டுக்கு அடுத்தபடியாக, 15 வரையிலான வர்க்கங்கள்: 11க்கு 121, 12க்கு 144, 13க்கு 169, 14க்கு 196, 15க்கு 225. கன எண்களில் 8, 27, 64, 125, 1000. பிறகு 50க்குள் இருக்கும் 15 பகா எண்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47. பகா எண்போல் வேடம் போடும் மூன்று பேரையும் அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது. 51 என்பது 3×17. 57 என்பது 3×19. 91 என்பது 7×13.

பகாஎண்ணா என்று சோதிக்க வகுபடும் விதிகள் உதவும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3ஆல் வகுபடும். 9க்கும் அப்படியே. காரணம் எளிது. 10 என்பது 9+1, 100 என்பது 99+1. 9ம் 99ம் எப்படியும் வகுபட்டுவிடும். மிஞ்சுவது அந்த ஒன்றுகள் மட்டும்தான். கடைசி இரண்டு இலக்கங்கள் 4ஆல் வகுபட்டால் முழு எண்ணும் 4ஆல் வகுபடும், ஏனென்றால் 100 எப்போதும் 4ஆல் வகுபடும். உங்கள் வீட்டு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 3ஆல் வகுபடுமா? மின்தூக்கி கீழே வருவதற்குள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

ரசீதில் இருக்கும் கணக்கு

பின்னம், தசமம், விழுக்காடு மூன்றும் ஒரே ஆளின் மூன்று பெயர்கள். பாதி 0.5, 50 விழுக்காடு. கால் 0.25, 25 விழுக்காடு. ஐந்தில் ஒன்று 0.2, 20 விழுக்காடு. எட்டில் ஒன்று 0.125, 12.5 விழுக்காடு. மூன்றில் ஒன்று 0.333 எனத் தொடரும், ஏறத்தாழ 33.3 விழுக்காடு. இந்த ஐந்து குடும்பங்கள் தெரிந்தால் மற்றவற்றைக் கட்டிக்கொள்ளலாம். எட்டில் மூன்று என்றால் 12.5ஐ மூன்றால் பெருக்கி 37.5.

விழுக்காட்டில் மனப்பாடம் செய்ய வேண்டிய கருத்து ஒன்றே: கூடுவதும் குறைவதும் பெருக்கல். 9 விழுக்காடு கூடினால் 1.09ஆல் பெருக்கு. 20 விழுக்காடு குறைந்தால் 0.8ஆல் பெருக்கு. உணவகத்துக்குப் போய் 50 வெள்ளிக்குச் சாப்பிடுகிறோம். ரசீதில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பத்தும் ஒன்பதும் 19 என்று பிள்ளை சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். 1.10×1.09 = 1.199. கூடுவது 19.9 விழுக்காடு. செலுத்துவது 59 வெள்ளி 95 காசு.

திரும்பி வரும் கணக்கிலும் இதே பொறி உண்டு. வரியோடு சேர்த்து 109 வெள்ளி என்றால் வரிக்கு முன் 100 வெள்ளி. 109லிருந்து 9 விழுக்காட்டைக் கழித்தால் 99 வெள்ளி 19 காசு என்று தவறாக வரும். 1.09ஆல் வகுக்கவேண்டும். 20 விழுக்காடு விலையேற்றி, பிறகு 20 விழுக்காடு தள்ளுபடி தந்தால் பழைய விலை வருமா? 1.2×0.8 = 0.96. கடைக்காரர் உண்மையிலேயே 4 விழுக்காடு குறைத்திருக்கிறார்.

ஒரு செவ்வகம், நான்கு பிள்ளைகள்

பரப்பளவுச் சூத்திரங்களைத் தனித்தனியாக உருப்போடும் பிள்ளைகள் தேர்வு அறையில் ஒன்றை இன்னொன்றோடு கலக்கிவிடுகிறார்கள். அவற்றை ஒரு குடும்பமாகப் பார்த்தால் குழப்பம் இல்லை.

தாய் செவ்வகம்: நீளம் × அகலம். இணைகரத்தின் ஒரு பக்க முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டினால் செவ்வகம். ஆகவே அடிப்பக்கம் × செங்குத்து உயரம். முக்கோணம் இணைகரத்தில் பாதி. ஆகவே அதே பெருக்கலில் பாதி. சரிவகம் இரண்டை ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்தால் ஓர் இணைகரம். ஆகவே இணைப் பக்கங்களின் கூட்டுத்தொகை × உயரம், அதில் பாதி.

கனஅளவிலும் ஒரே விதிதான். மேலிருந்து கீழ்வரை ஒரே வடிவத்தில் இருக்கும் எதுவானாலும், அடிப்பரப்பு × உயரம். பெட்டியானாலும் மைலோ டின்னானாலும் விதி மாறாது.

வட்டத்துக்கு இரண்டு சூத்திரங்கள். சுற்றளவு என்பது 2 × பை × ஆரம். பரப்பளவு என்பது பை × ஆரம் × ஆரம். எது எது என்று குழம்பினால் அலகைப் பார்க்கவேண்டும். பரப்பளவு சதுர சென்டிமீட்டரில் வரும், ஆகவே ஆரம் இரண்டு முறை வரும். வட்டத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டி மேலும் கீழுமாக அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். பெருக்கினால் சூத்திரம் வந்துவிடும். பையின் மதிப்பு 3.14159 எனத் தொடரும். 22/7 என்பது அதைவிடச் சற்றே பெரிது. 3.14 சற்றே சிறிது. எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் கேள்வித்தாளே சொல்லும்.

இதற்கு ஒரு தோசைக் கணக்கு. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தோசையா, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தோசைகளா, எது அதிகம்? ஆரங்கள் 15ம் 10ம். வர்க்கங்கள் 225ம் 100ம். இரண்டு சின்னத் தோசை சேர்ந்தால் 200. ஒரே பெரிய தோசைதான் அதிகம்.

அலகில் இன்னொரு வழுக்கல். ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர். ஆனால் ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர சென்டிமீட்டர். 1,000 கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். 1,000 லிட்டர் ஒரு கன மீட்டர். வீடு வாங்குபவர்களுக்கும் உதவும் ஒரு விவரம்: ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 10.76 சதுர அடி. 90 சதுர மீட்டர் வீவக வீடு சுமார் 970 சதுர அடி.

உயர்நிலையின் இரண்டு வாசல்கள்

உயர்நிலை 2ல் இரண்டு விஷயங்கள் வரும். அவை இரண்டும் அடுத்த பல ஆண்டுகளுக்கான வாசல்கள்.

முதலாவது, கூட்டலின் வர்க்கம். இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கப்படுத்தினால், முதல் எண்ணின் வர்க்கம், இரண்டாம் எண்ணின் வர்க்கம், இரண்டின் பெருக்கலைப் போல் இரு மடங்கு, மூன்றும் சேர்ந்து வரும். அந்த இரு மடங்கை விட்டுவிடுவதுதான் எங்கும் காணும் பிழை. பக்கம் 13 கொண்ட சதுரத்தை 10ம் 3மாகப் பிரித்து வரையச் சொல்லுங்கள். உள்ளே 100, 30, 30, 9 என நான்கு துண்டுகள். கூட்டினால் 169. அந்த இரண்டு 30களையும் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு விட்டுவிடாது. கழித்தலின் வர்க்கத்தில் அந்த இரு மடங்கு மட்டும் கழித்தலாக மாறும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது கூட்டல் × கழித்தல். 98×102 என்ன? 100ன் வர்க்கத்திலிருந்து 2ன் வர்க்கம் போக 9,996. கணிப்பானை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது, பித்தகோரஸ் தேற்றம். செங்கோண முக்கோணத்தில் இரு சிறு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம். கூடவே 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25 ஆகிய நான்கு மூவர் கூட்டங்கள்.

இங்கே நம்மவர்களின் கைப்பேசியில் அடிக்கடி வரும் ஒரு தகவலைப் பார்க்கலாம். போதையனார் என்பவர் பெயரில் ஒரு நான்கு வரிப் பாடல். பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வந்துவிடும், வர்க்கமூலமே தேவையில்லை என்பது அதன் பொருள். பாடல் யாருடையது என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். விதியைச் சோதிப்போம்.

3, 4 என்றால்: 4லிருந்து 0.5 போக 3.5, கூட 1.5. விடை 5. சரி. 5, 12 என்றால்: 10.5 கூட 2.5. விடை 13. சரி. இந்த இரண்டோடு நிறுத்திப் பகிர்ந்துவிடுகிறோம். 8, 15 போட்டுப் பாருங்கள். 17.125 வருகிறது. சரியான விடை 17. 7, 24 போட்டால் 24.5. சரியான விடை 25. ஆக இது ஒரு நல்ல தோராயம். கயிறும் கோலும் வைத்து வேலை செய்பவருக்குக் கைகொடுக்கக்கூடியது. தேர்வுத் தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். தமிழ்ப் பெருமைக்கு இதில் குறையொன்றும் இல்லை. ஒரு விதியை எத்தனை எண்களில் சோதித்த பிறகு நம்பலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

துணிந்து விடவேண்டியவை

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கணித முதல் தாளுக்குக் கணிப்பான் கிடையாது. இரண்டாம் தாளுக்கு 2009 முதல் உண்டு. ஆகவே பெரிய எண்களை நொடியில் பெருக்கும் ‘மந்திர’ வித்தைகளுக்குச் செலவிடும் நேரம் வீண்.

உயர்நிலைப் படிப்பின் முடிவில் வரும் சாதாரண நிலைக் கணிதத் தேர்வில், தாளிலேயே ஒரு சூத்திரப் பட்டியல் அச்சிட்டுத் தருவது வழக்கம். கூட்டு வட்டி, கூம்பின் கனஅளவு, கோளத்தின் கனஅளவு, முக்கோணங்களுக்கான சைன், கொசைன் விதிகள் அதில் இருக்கும். வட்டத்தின் பரப்பளவு இருக்காது. சரிவகம் இருக்காது. பித்தகோரஸ் இருக்காது. அதாவது இந்த நடு வயதில் படிப்பவற்றைத் தலைக்குள் கொண்டுவருவீர்கள் என்று நம்பித்தான் மற்றவற்றைத் தாளில் தருகிறார்கள்.

வேகம், தூரம், நேரம் மூன்றுக்கும் மூன்று சூத்திரம் வேண்டாம். ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்ற பேச்சிலேயே தூரத்தை நேரத்தால் வகுப்பது இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக விடவேண்டியது, சொல்லைப் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கம். ‘அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி’ என்று சில பட்டியல்களில் இருக்கும். ரவியிடம் 12 ஒட்டுவில்லைகள் உள்ளன, அது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம் என்றால் மாலாவிடம் எத்தனை? ‘அதிகம்’ என்ற சொல்லை நம்பியவர் 17 என்பார். படம் போட்டவர் 7 என்பார். அந்தப் படம் போடும் முறைதான் 1980களில் டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு இங்கே உருவாக்கி, பிறகு உலகெங்கும் பரவிய பட்டை வரைபட முறை. அது சிந்திக்கும் கருவி. அதை மனப்பாடம் செய்ய வழியே இல்லை.

குரல் கொடுங்கள்

வானொலியில் பேசிப் பிழைப்பவள் என்பதால் எனக்குக் காதின் மேல் நம்பிக்கை அதிகம். எம்ஆர்டி அறிவிப்பை நான்கு மொழிகளிலும் அச்சு அசலாகச் சொல்லும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தவறாமல், ஒரே ராகத்தில் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஜெர்மானிய ஆய்வாளர் எபிங்ஹாவுஸ் 1885லேயே இதைத் தம் மீதே சோதித்து எழுதினார். ஒரே மூச்சில் திணிப்பதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பிப் படிப்பது மனத்தில் நிற்கும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வேண்டாம். தினமும் ஐந்து நிமிடம் போதும். வாய்விட்டுச் சொல்லவேண்டும். வரிசையாக ஒப்பிக்கவிடாமல் மாற்றி மாற்றிக் கேட்கவேண்டும். வரிசையில் மட்டும் தெரிந்த வாய்ப்பாடு, முதலிலிருந்து பாடினால்தான் நடுவரி நினைவுக்கு வரும் பாட்டைப்போல. தவறினால் திட்டாமல் அதே கேள்வியை நாளைக்கும், மூன்று நாள் கழித்தும் கேளுங்கள்.

எந்த மொழியில்? ஊரில் தமிழ்வழியில் படித்த பெற்றோர் பலர் இதில் தயங்குகிறார்கள். எந்த மொழியில் ஒப்பித்தோமோ அந்த மொழியிலேயே எண்கள் வேகமாக வரும். பள்ளியில் ஆங்கிலத்தில் கணக்குப் போடும் பிள்ளை வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் சொன்னால் குற்றமில்லை. ஆனால் ‘ஏன் அப்படி?’ என்ற கேள்வியைத் தமிழில் தாராளமாகக் கேட்கலாம், தமிழில் பதில் வாங்கலாம். ஆங்கிலத்தின் ‘லெவன்’ தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. நம் ‘பதினொன்று’ பத்தும் ஒன்றும் என்று சொல்லிவிடுகிறது.

பட்டியல் வரமாகும் இடம்

தமிழ் மண்ணில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கிய சூத்திரப் பட்டியல் ஒரு துணைப்பாட ஆசிரியர் எழுதியது. லண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார்செய்த ஜி.எஸ்.கார் தொகுத்த நூல் அது. ஏறக்குறைய 5,000 முடிவுகள், பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. கும்பகோணத்தில் 1903ல் அது ராமானுஜனின் கைக்கு வந்தது. அந்தப் பதின்ம வயதுப் பையன் அதை ஒப்பித்து நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, ‘இது எப்படி வந்தது?’ என்று தானே நிறுவிப் பார்த்தான்.

பின்னாளில் ஹார்டி தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவாரசியமற்றது என்று சொன்னதும், அது இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் படுக்கையிலிருந்தே சொன்ன கதை நமக்குத் தெரியும். ஒன்றும் 1,728ம். 729ம் 1,000மும். 12ன் கனமும் 9ன் கனமும் நாக்கு நுனியில் இருந்தவருக்குத்தான் அது தெரியும். அந்த எண்களோடு வருடக்கணக்கில் விளையாடியவருக்குத்தான் அது தோன்றும். இரண்டும் வேண்டும்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்ட

• வாய்ப்பாட்டின் 21 வரிகள். 15 வரை வர்க்கம். 2, 3, 4, 5, 10ன் கனம்.

• 50க்குள் 15 பகா எண்கள். 3, 4, 9ஆல் வகுபடும் விதிகள்.

• பாதி, கால், ஐந்தில் ஒன்று, எட்டில் ஒன்று, மூன்றில் ஒன்று: தசமமும் விழுக்காடும்.

• செவ்வகம், இணைகரம், முக்கோணம், சரிவகம், வட்டம்: பரப்பளவு. அடிப்பரப்பு × உயரம்: கனஅளவு.

• முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகை. ஒரு பக்கம் கூடினால் 180 கூடும்: நாற்கரம் 360, ஐங்கோணம் 540.

• 1 சதுர மீட்டர் = 10,000 சதுர சென்டிமீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் = வினாடிக்கு 5 மீட்டர்.

• உயர்நிலை 2க்கு: கூட்டலின் வர்க்கம், கழித்தலின் வர்க்கம், வர்க்கங்களின் வித்தியாசம், பித்தகோரஸ்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் வரையுங்கள். விடையை உடனே சொன்னால் பாதி டிக். ஏன் என்றும் சொன்னால்தான் முழு டிக். அந்தக் கட்டத்தை நிரப்பும் பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும்.